பொருநைக் கரையில் நமது ஊர்கள்

திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் காயல்பட்டினத்துக் கடற்கரையிலிருந்தே தொடங்குகின்றனர். அரபு மரக்கலங்கள், குதிரை வணிகம், பாண்டியர் அரசவை என்று அக்கதை விரிந்து செல்லும். அதில் பொய்யேதும் இல்லை. ஆயினும், மேலப்பாளையத்துத் தறிக்காரரும் பத்தமடைப் பாய் நெசவாளியும் கடையநல்லூர்க் குடும்பங்களும் அக்கதைக்குள் எங்கே வருகின்றனர்? அவர்களுள் பலருடைய முன்னோர் கடலைக் கண்டே இருக்கமாட்டார்கள்.

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று நம் பிள்ளைகளைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் கேட்கின்றனர். சிலர் அறியும் ஆவலால் கேட்கின்றனர்; சிலர் வேறு நோக்கத்தோடு கேட்கின்றனர். நாமும் சற்றுப் பெருமையாகவே "அரபு நாட்டிலிருந்து" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவ்விடை ஒரு சில குடும்பங்களுக்குப் பொருந்தலாம். மற்றவர்களுக்குப் பொருத்தமான விடை, நாம் குளித்து வளர்ந்த ஆற்றிலேயே கிடைக்கிறது. ஆகவே இக்கட்டுரையைக் கடலில் தொடங்காது மலையில் தொடங்குகிறோம்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்க நூல்கள் இதனைப் பொருநை என்கின்றன. காவிரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஆறு. ஆயினும் தமிழகத்தின் எல்லைக்குள்ளேயே பிறந்து எல்லைக்குள்ளேயே முடிவதால், இதன் நீருக்கு வேறெந்த மாநிலத்தோடும் வழக்காட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதன் நீர்ப்பிடிப்பில் பெய்கின்றன. அதனாலேயே இப்பள்ளத்தாக்கில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளைகிறது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு ஆகியவை வழியில் வந்து சேர்கின்றன. குற்றாலத்திலிருந்து தென்காசி வழியே வரும் சிற்றாறு சீவலப்பேரிக்கு அருகே இதனோடு கூடுகிறது. பாபநாசம் அணையின் 143 அடியில் இன்று எத்தனை அடி நீர் என்பதை நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திகளுக்குப் போகும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றனர்.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் கட்டியது. மற்றவை அவர்கள் வருவதற்கு முன்னரே இருந்தவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய்கள் பிரிந்து, குளத்துக்குக் குளம் நீர் கொண்டு சென்று, ஆற்றின் இருமருங்கும் ஒரு பசுமைப் பட்டையை உண்டாக்கின. அப்பட்டையை விட்டு வெளியேறினால் நிலம் சட்டென்று மாறிவிடும். வடக்கே கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் பருத்தி விளையும் கரிசல். தென்கிழக்கே சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் பனை நிற்கும் செம்மணல் தேரி. நெல்லைச் சீமையின் மக்கள் வரலாறு முழுவதும் இந்த மூன்று நிலங்களுக்கும் இடையே நடந்ததுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க வரலாற்றறிஞர் டேவிட் லட்டன், இம்மாவட்டத்து உழவரைப் பற்றி 1985-இல் வெளியிட்ட நூலில், நீர் கிடைக்கும் அளவைக் கொண்டே சீமையைப் பகுத்து அதன் சமூகத்தை விளக்கினார்.

நீருள்ள பட்டையில் நிலம் யாரிடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரத்து நன்செய் நிலங்கள் நெடுங்காலமாகக் கோயில்களுக்கும் பிராமணர்க்கும் வேளாளர்க்கும் உரியவையாக இருந்தன. கல்வெட்டுகள் இதற்குச் சான்று. வயலில் இறங்கி உழைத்தவர்கள் வேறு மக்கள். அவர்களுக்கு அந்நிலத்தில் உரிமை இல்லை. இவ்வேற்பாடு நிலைபெற்ற பிறகு இப்பள்ளத்தாக்கில் பெருகிய எந்தச் சமூகமும் நன்செய்யில் எளிதாகக் கால் ஊன்ற முடியவில்லை. ஆற்றின் நீர் ஒருவர் பங்காகிவிட்டால், ஆற்றங்கரையில் தானாக வளரும் கோரையும், தறியும், சந்தையும், சாலையுமே மற்றவர்க்கு மிஞ்சுகின்றன. நமது ஊர்கள் பலவும் எழுந்தது அவ்வாறு மிஞ்சியவற்றின் மேல்தான் என்பது நமது கருத்து. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நன்செய் வைத்திருந்த ராவுத்தர், லெப்பைக் குடும்பங்களை நாமும் அறிவோம்.

இனி ஆற்றின் முகத்துவாரத்தைச் சற்றுக் காண்போம். கடலோரக் கதையையும் ஆறே எழுதியிருக்கிறது. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கியது. துறைமுகம் பழைய காயலுக்கு நகர்ந்தது. கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் இதுவே என்று, 1870-களில் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் முடிவு கட்டினார். அதற்குச் சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், காயல் முதலிய துறைமுகங்கள் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பவரின் பொறுப்பில் இருந்தன என்றும் அவர் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார் என்றும் குறிக்கிறார். ஆண்டுதோறும் பல ஆயிரம் குதிரைகள் இறக்குமதியானதையும் அவரே பதிவு செய்கிறார். பின்னர் அந்தக் காயலையும் மண் மூடியது. காயல்பட்டினமும் புன்னைக்காயலும் எழுந்தன. போர்த்துக்கீசியர் வந்தபின் வணிகம் தூத்துக்குடிக்குப் போயிற்று. ஓர் ஆறு தன் வண்டலால் மக்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருந்த வரலாறு இது. அக்கரையில் மனிதர் வாழ்ந்த காலமோ இவற்றையெல்லாம் விட மிகப் பழையது. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல், கி.மு. 1155-ஐச் சேர்ந்தது எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது.

உள்நாட்டுக்குத் திரும்புவோம். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக் காலத்தில் இச்சீமை வரிவசூலுக்கான போர்க்களமாக இருந்தது. 1755-இல் கர்னல் ஹெரானும் மாபூஸ்கானும் படையோடு வந்தனர். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் எதிர்த்து நின்றார். கான்சாகிப் எனப்பட்ட யூசுப்கான் மதுரையையும் நெல்லையையும் ஆண்டு, பின்பு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து, 1764-இல் தூக்கிலிடப்பட்டார். நவாபு முஸ்லிம், ஆகவே அக்காலம் முஸ்லிம்களின் பொற்காலம் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. தறி நெய்தவருக்கு அக்காலம் எவ்வகையில் பொன்னாயிற்று என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1801-இல் சீமை முழுவதும் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது.

கும்பினிக்குப் பின் வந்த ஆங்கில அரசு மக்களை எண்ணத் தொடங்கியது. 1871-இல் திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 16,93,959. 1881-இல் அது 16,99,747. பத்தாண்டில் கூடியது ஆறாயிரம் பேருக்கும் குறைவு. அப்பத்தாண்டின் நடுவில்தான் 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் வருகிறது. இறந்தவர்களும் பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போனவர்களும் எத்தனை பேர் என்பதை இவ்விரு எண்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் ஊகிக்கலாம். 1901-இல் மாவட்டத்தில் 20,59,607 பேர் இருந்தனர். அவர்களுள் இந்துக்கள் 17,98,519; கிறிஸ்தவர்கள் 1,59,213; முஸ்லிம்கள் 1,01,875. அதாவது இருபதில் ஒருவர் நம்மவர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்தில் 30,77,233 பேர். முஸ்லிம்கள் பத்தில் ஒருவர் என்ற அளவுக்குச் சற்றே குறைவு. இதைப் பார்த்து "நாம் இருமடங்கு பெருகிவிட்டோம்" என்று மகிழ்வோரும் உண்டு, "அவர்கள் பெருகிவிட்டார்கள்" என்று அஞ்சுவோரும் உண்டு. இருசாராரும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. 1901-இன் மாவட்டம் வேறு. 1910-இல் அதன் வடபகுதி புதிய இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 1986-இல் கிழக்குப் பகுதி தூத்துக்குடியை மையமாகக் கொண்ட தனி மாவட்டமாயிற்று. காயல்பட்டினமும் அதனோடு சென்றது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் மேற்கு ஊர்கள் எஞ்சிய பகுதியில் இருந்ததால் விகிதம் உயர்ந்து தெரிகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின் அந்தக் கணக்கும் மாறிவிட்டது. எல்லை மாறும்போது விகிதமும் மாறும். அதில் பெருமைப்படவோ அஞ்சவோ அதிகமில்லை.

அதே கணக்கெடுப்பில் வேறோர் எண் நம் கவனத்தை ஈர்க்கிறது. ஆண்கள் 15,20,912, பெண்கள் 15,56,321. பெண்கள் முப்பத்தைந்தாயிரம் பேர் அதிகம். பிழைப்புக்காக ஆண்கள் வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பது இதற்கொரு காரணமாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் அஸருக்குப் பின் நடந்து பார்ப்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேலப்பாளையம் ஆற்றின் தென்கரையில், பாளையங்கோட்டைக்கு மேற்கே அமைந்துள்ளது. பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய் ஊரை ஒட்டிச் செல்கிறது. வீட்டுக்கு வீடு தறி இருந்த ஊர் இது. நூலுக்குச் சாயம் ஏற்றவும், பாவுக்குக் கஞ்சி போடவும், துணி அலசவும் நீர் வேண்டும். வயலுக்குப் பாயும் வழியிலேயே கால்வாய் நம் தறிகளுக்கும் உதவியது. கைத்தறி நலிந்தபோது பெண்களின் மடிக்கு முறம் வந்தது. பீடி சுற்றுதலே பல வீடுகளின் அடுப்பை எரித்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த உம்மாமார்களின் வரலாற்றை எவரும் இன்னும் எழுதவில்லை. அந்தக் கால்வாயோ இன்று கழிவுநீர் சுமக்கிறது. 1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகள் ஒன்றிணைந்து மாநகராட்சியாயின. எதிர்க்கரையிலுள்ள பேட்டையில் 1896-இல் பிறந்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபு. அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தகுதிக்காக வாதாடிய அவருக்குத் தமிழ் வந்தது இந்த ஆற்றங்கரையிலிருந்துதான்.

பத்தமடைக்கு வருவோம். கன்னடியன் கால்வாயின் பாசனத்தில் உள்ள இவ்வூர்ப் பெயருக்குப் "பத்து மடை" என்று பொருள் சொல்வார்கள். ஆற்றோரமும் வாய்க்கால் ஓரமும் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, பின் ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பிய கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி எடுக்க வேண்டும். மிக நயமான பாய்க்கு, ஒரு கோரையையே பல இழைகளாகக் கிழிப்பார்கள். பருத்தி நூலைப் பாவாக்கி, அவ்விழைகளை ஊடாகக் கோத்து நெய்தால், துணிபோல் மடியும் பட்டுப்பாய் கிடைக்கும். திருமணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்பாய் நம் வீட்டு நிக்காஹுக்கும் போகும். பிராமணர், வேளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகும். நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்டதை ஊரார் இன்றும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கோரைதான் முன்போல் கிடைப்பதில்லை. மணல் அள்ளப்பட்டுக் கரை சிதைந்த இடத்தில் கோரை எப்படி வளரும்? பல நாள் உழைத்து நெய்த பாயை நெகிழிப் பாயின் விலைக்குக் கேட்கும் வாடிக்கையாளரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களுள் நாமும் இருக்கிறோம்.

மேற்கே, மலையடிவாரத்தில் கடையநல்லூர், தென்காசி, புளியங்குடி, வாசுதேவநல்லூர். 2011-இல் கடையநல்லூர் நகரின் மக்கள்தொகை மட்டும் 90 ஆயிரத்தைத் தாண்டியது. இங்கும் தறியே தொழில். தறி சோறு போடாத காலத்தில் இவ்வூரார் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். தமிழகத்திலிருந்து அங்கு சென்றவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்களாகச் செல்ல, கடையநல்லூராரும் தென்காசியாரும் மனைவி மக்களோடு குடும்பமாகச் சென்றதை ஆய்வாளர்கள் தனித்துக் குறிப்பிடுகின்றனர். பெண்கள் அங்கு அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தினர். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946-இல் அவர்கள் தொடங்கிய பள்ளிக்கு உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி என்று பெயரிட்டனர். கடல் கடந்து போனவர்கள் தம் பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய தமிழ்ப் புலவரின் பெயரைத் தேர்ந்தது, தம்மை யாராக எண்ணினார்கள் என்பதைக் காட்டுகிறது. "எங்கிருந்து வந்தவர்கள்" என்ற கேள்விக்கு அவர்கள் சிங்கப்பூரில் சொன்ன விடை, கடையநல்லூர் என்பதே.

தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தை விட்டுவிட்டு இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுத முடியாது. 1981 பிப்ரவரி 19 அன்று, ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது, வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அவர்கள் கேட்டது மரியாதை. வயலில் இறங்கி உழைத்தவர்க்கு அவ்வயலில் உரிமை இல்லை என்று முன்னர்க் குறித்தோமே, அந்த நெடிய கணக்கின் ஒரு பக்கம் இது. இக்குடும்பங்களும் எங்கிருந்தும் வந்தவர்கள் அல்லர். அவர்களை நம் சமுதாயம் பின்னர் எந்த அளவுக்கு மணவுறவில் ஏற்றுக்கொண்டது என்ற கேள்வியை ஒவ்வொரு ஜமாஅத்தும் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

கடையத்துக்கு அருகே பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா உண்டு. அங்கு நேர்ச்சை செலுத்த வருவோரில் இந்துக்களும் கணிசமாக உள்ளனர். தர்கா வழக்கங்கள் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். இங்கு அவ்விவாதம் தேவையில்லை. இப்பள்ளத்தாக்கில் மக்கள் எவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு அது ஒரு பழைய சான்று என்ற அளவில் குறிக்கிறோம்.

புதிய சான்று ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை இச்சீமை மறவாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி இருகரையும் மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. குளங்கள் உடைந்து, ஆறு பழைய தடங்களையெல்லாம் தேடிச் சென்றது. செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் சில நாள்கள் தங்கி உணவருந்திய செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டன. அதைப் பெரிய அதிசயமாக எழுதியது நமக்குச் சற்று வியப்பளித்தது. ஒரே ஆற்றுநீரைக் குடிக்கும் ஊரில் வெள்ளம் வந்தால் மேடான கட்டடம் எதுவோ அங்குதான் எல்லாரும் ஏறுவார்கள்.

அவ்வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது பெட்டிகளில் இருந்த பழைய தாள்களும் நனைந்தன. பாட்டனார் எழுதிய கடிதங்கள், மலாயாவிலிருந்து வந்த பணவிடை ஒட்டுகள், தறிக்கணக்கு நோட்டுகள், நிலப் பத்திரங்கள் ஆகியவற்றின் மதிப்பு நனைந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. பள்ளிவாசல்களின் நிக்காஹ் பதிவேடுகள் இவற்றுள் தலையாயவை. மணமகனின் ஊர், தந்தையின் பெயர், மஹர் தொகை, சாட்சிகள் என அரசின் கணக்கெடுப்பில் இல்லாத நம் மக்கள் வரலாறு அவற்றில் உள்ளது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் பெண் கொடுத்து எடுத்தோம், எந்த ஆண்டுகளில் மாப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தனர், மஹர் எப்போது உயர்ந்தது என்பவற்றையெல்லாம் அவற்றிலிருந்தே அறியலாம். பல ஜமாஅத்துகளில் அவை அலமாரியின் கீழ்த்தட்டில், தரையை ஒட்டிக் கிடக்கின்றன. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அவற்றை மேல்தட்டுக்கு மாற்றி, பக்கம் பக்கமாகக் கைப்பேசியிலாவது படம் எடுத்து வைக்குமாறு மஹல்லா நிர்வாகிகளை வேண்டுகிறோம்.